எல்லை வந்து சேர்ந்த ஊர்: களியக்காவிளைக் கடைவீதியின் கதை

கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் கடைசிக் கடைவீதி களியக்காவிளை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். திருவனந்தபுரம் அதைவிடச் சற்று அருகில். கடைவீதியைத் தாண்டினால் இஞ்சிவிளை, அடுத்துப் பாறசாலை. இரண்டும் கேரளம். இந்தச் சிறிய பேரூராட்சியின் வரலாற்றை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது. வியாபாரத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1956 முதல் கண்டுவரும் ஊர் இது.

விளை என்னும் சொல்

குமரி மாவட்டத்தில் 'விளை' என்று முடியும் ஊர்களுக்குக் கணக்கில்லை. வயலுக்கு மேலே உள்ள மேட்டுத் தோட்ட நிலமே விளை. சொல் மிகப் பழையது. கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், அருகிலுள்ள முஞ்சிறைச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்ற நிலத்தைப் பெற்றான். காசு கொடுக்கவில்லை, மாற்று நிலம் கொடுத்தான். அங்கே பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டுக் கோயிலும், 95 பேர் பயிலும் சாலையும் அமைத்ததாக அவனது செப்பேடு கூறுகிறது. நிலத்துக்கு நிலம் என்ற பண்டமாற்று அன்றே ஏட்டில் ஏறிவிட்டது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மண்ணுக்கு உண்டு. தென்னை, வாழை, மரச்சீனி, மிளகு, ரப்பர் எல்லாம் விளைகிறது. ஏத்தனும் ரசகதலியும் செந்துளுவனும் இங்குள்ள பழக்கடைகளில் குலைகுலையாகத் தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம் இந்த மாவட்டத்தின் தனிச் சொத்து.

வாசல் அன்று ஆரல்வாய்மொழியில்

திருவிதாங்கூர் மன்னராட்சியில் களியக்காவிளை எல்லை ஊர் அல்ல. நாட்டின் நடுவே, வழிச்சாலையில் இருந்த ஓர் ஊர். எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. பாறசாலையிலும் இங்கும் ஒரே நாணயம் புழங்கியது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் செய்துகொண்ட வணிக உடன்பாட்டால், தரைவழி எல்லையில் பெரும்பாலான சரக்குக்கு இருந்த சுங்கமும் நீங்கியது.

சுதந்திரத்துக்குப் பின் தமிழர் வாழும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் முன்னணித் தலைவர் மார்ஷல் நேசமணி, இதே விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியைச் சேர்ந்தவர். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை, ஒரே நாளில் களியக்காவிளைக்கு வந்து சேர்ந்தது.

கோட்டின் இருபுறமும்

கோடு விழுந்தாலும் மக்கள் மாறவில்லை. இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் மூவரும் கலந்து வாழும் ஊர். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். பலசரக்கு என்றாலும் பலவெஞ்சனம் என்றாலும் கடைக்காரருக்குப் புரியும். ஓணத்துக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. அந்த வாரத்தில் தோவாளைப் பூவும், காய்கறியும், வாழைக்குலையும் இந்தச் சாலை வழியாகத்தான் வண்டி வண்டியாகக் கேரளம் செல்லும்.

மாறியது சட்டம். மத்திய விற்பனை வரி 1957 ஜூலை 1 முதல் விதிக்கப்பட்டது. அதன்பின் சி படிவம், சோதனைச் சாவடியில் லாரி வரிசை, சாவடி முத்திரை என்று ஒரு தலைமுறையே கழிந்தது. லாட்டரியைத் தமிழகம் 2003-ல் தடை செய்தது. கேரளத்தில் அரசே நடத்துகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையைத் தமிழகம் 2019 ஜனவரி 1-லும், கேரளம் 2020 ஜனவரி 1-லும் தடை செய்தன. இடைப்பட்ட ஓராண்டில் ஒரே பை இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் குற்றமில்லை.

கோட்டினால் இழப்பும் உண்டு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004-ல் நிறுத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ரேஷன் அரிசிக் கடத்தல் மற்றொரு கேடு. சிலர் செய்யும் கடத்தலால், நேர்மையாக அரிசி அனுப்பும் வியாபாரியின் மூட்டையும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இந்த எல்லை அடைபட்டதே, அன்றுதான் எல்லோருக்கும் ஓர் உண்மை தெரிந்தது: சரக்கு இந்தப் பக்கமும் வாடிக்கையாளர் அந்தப் பக்கமுமாக நின்றால் கடைவீதிக்கு உயிர் இல்லை.

சாவடி போனது, எல்லை பில்லில் நின்றது

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. மத்திய விற்பனை வரி விதிக்கத் தொடங்கிச் சரியாக 60 ஆண்டுகள்! வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. பெரிய வியாபாரிகளுக்கு இது நன்மையே. ஆனால் சிறு கடைக்காரருக்கு?

வரியுள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும் பதிவு கட்டாயம். காம்பொசிஷன் முறையில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே இயலாது. அதே கடைக்காரர் நாகர்கோவிலுக்குத் தாராளமாக அனுப்பலாம். கண்ணுக்கெட்டும் பாறசாலைக்கு அனுப்ப முடியாது. ஈ-வே பில்லையும் பாருங்கள். தமிழகத்துக்குள் 700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்குச் சரக்கு போக 1 லட்சம் ரூபாய் வரை அது தேவையில்லை. சில கிலோமீட்டரில் உள்ள பாறசாலைக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலே தேவை.

பில் போடும்போதும் கவனம் வேண்டும். பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு எழுதும் பில்லில் கேரள முகவரியைக் குறித்தால், 2023 அக்டோபர் 1 முதல் அது வெளிமாநில விற்பனை. முகவரி குறிக்காவிட்டால் உள்ளூர் விற்பனை. எல்லையோரக் கடைகளில் பில் எழுதும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

விலகிப் போகும் சாலை

47 என்ற எண்ணோடு இருந்த நெடுஞ்சாலை இன்று 66. திருவனந்தபுரத்தைச் சுற்றிவரும் கேரளத்தின் நான்குவழிச் சாலை, விழிஞ்ஞம் அருகே வந்து காரோட்டில் எல்லையைத் தொடுகிறது. களியக்காவிளைக் கடைவீதிக்குள் அது வராது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. லாரிகள் வெளியே போனால் நெரிசல் குறையும். வழிப்போக்கு வியாபாரமும் குறையும். துறைமுகத்தின் சரக்கு எல்லையோரம் கிட்டங்கி தேடும்போது, இடமும் நம்பிக்கையும் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு வாய்ப்பும் உண்டு. முந்திக்கொள்பவர்கள் நம் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நடக்கும் சில்லறை வியாபாரத்தை உள்ளூர் வியாபாரமாகவே கருத வேண்டும் என்று சங்கங்கள் இரு மாநில அரசுகளிடமும் ஜி.எஸ்.டி. மன்றத்திடமும் கேட்க வேண்டும். 1865-ல் மூன்று அரசுகள் கூடிப் பேசிச் சுங்கத்தை நீக்கின. இன்று ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களால் ஒரு சிறு கடைக்காரரின் பில்லுக்கு வழி செய்ய முடியாதா? கேட்பது நம் கடமை. கேட்போம்.