நல்லா இருந்தவரைப் படுக்க வைத்த ஊசி! 'சி' கிருமிக்கு 48 வார வேதனை. இப்போது 12 வார மாத்திரை

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி. சனிக்கிழமை குளிர் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலி. திங்கட்கிழமை காலை தட்டுத் தடுமாறி ஆபீஸ்!

இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல. 48 வாரம் ஓட்டியவர்கள் உண்டு. 'ஹெபடைடிஸ்-சி' என்ற கல்லீரல் நோய்க்கு, 2015 வாக்கில் புது மாத்திரைகள் வரும்வரை நம் நாட்டில் இருந்த வைத்தியம் அதுதான்.

ஊசியின் பெயர் இன்டர்பெரான். கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. இரண்டும் சேர்ந்து ஆளையே உருக்கிவிடும். அந்த ஊசிக் கதையைக் கேட்டு மிரண்டு, இன்றைக்கும் டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊசியின் காலம் முடிந்துவிட்டது!

வீட்டில் அழுகை

'சி' கிருமி சத்தம் போடாமல் இருக்கும். இருபது வருஷம் உள்ளே இருந்து ஈரலைச் சுருக்கினாலும் வெளியே தெரியாது. ரத்தம் கொடுக்கப் போன இடத்திலோ, ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டிலோதான் பலருக்குத் தெரியவரும்.

அதுவரை ஓடியாடி வேலை பார்த்தவர், ஊசி போட்ட பிறகுதான் படுக்கையில் விழுவார். "நல்லா இருந்த மனுஷனை ஊசி போட்டே படுக்க வெச்சுட்டாங்களே!" என்று வீட்டில் அழுவார்கள். பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு.

காய்ச்சல் வந்ததற்குக் காரணம் இதுதான். கிருமி புகுந்தால் உடம்பே சுரக்கும் பொருள்தான் இன்டர்பெரான். அதை ஊசியில் ஏற்றியதும், கடும் ப்ளூ வந்துவிட்டதாக நினைத்து உடம்பு கொதிக்கும்!

எப்படிச் சமாளித்தார்கள்?

லீவு நாளைப் பார்த்து ஊசி நாளை வைத்துக்கொண்டதுதான் முதல் தந்திரம். டாக்டரைக் கேட்டு, ஊசிக்கு முன்பே ஒரு பாராசிட்டமால். போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் காய்ச்சலின் பாதி தூக்கத்தில் போய்விடும். வாரா வாரம் ஊசி இடத்தை மாற்றினார்கள். இந்த வாரம் வயிறு என்றால் அடுத்த வாரம் தொடை. தண்ணீர் நிறையக் குடித்தார்கள். வாய் கசந்து சோறு இறங்காதபோது கஞ்சியும் மோருமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார்கள்.

முடி கொட்டும். ஆனால் வைத்தியம் முடிந்ததும் மறுபடி வளர்ந்துவிடும்.

ரத்தம் குறைவதுதான் பெரிய தொல்லை. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைப்பார்கள், 8.5-க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். அதனால்தான் அடிக்கடி ரத்த டெஸ்ட்.

இதைவிட மோசம், மனசு! சாதுவான ஆள் காபியில் சர்க்கரை குறைந்ததற்கு டம்ளரை வீசுவார். ராத்திரி தூக்கம் வராது. சிலருக்கு உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணமே வந்தது. "இவர் இப்படி இல்லையே" என்று குழம்பிய பெண்டாட்டிமார்களுக்கு, அது மருந்து செய்யும் வேலை என்று யாராவது சொல்லி வைத்திருந்தால் பாதி சண்டை இருந்திருக்காது. டாக்டரிடம் வாய் திறந்து சொன்னவர்களுக்கு மனச்சோர்வுக்குத் தனி மருந்து கிடைத்தது. சொல்லாமல் மறைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பிரபலங்களையும் நோய் விடவில்லை. அமெரிக்கப் பாடகி நாட்டலி கோல் 2008-ல் இந்த வைத்தியம் எடுத்தார். அதே வருஷம் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. டயாலிசிஸில் இருந்து, 2009-ல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டார்.

இவ்வளவு பட்டும், சில ரகக் கிருமிகளில் பாதிப் பேருக்குத்தான் குணம்!

சென்னையில் வந்த தீர்ப்பு

விலையும் லட்சக்கணக்கில். வாரம் ஒரு முறை போடும் புது ரக இன்டர்பெரானுக்கு ரோஷ் கம்பெனி 2006-ல் இந்தியக் காப்புரிமை பெற்றது. மும்பையின் சங்கல்ப் அமைப்பு எதிர்த்து வழக்காடியது. 2012 நவம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது.

சில வருஷத்தில் ஊசியே தேவையில்லாமல் போயிற்று!

இப்போது என்ன?

சோபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலும் 12 வாரம்தான். நூற்றுக்கு 95 பேர் போல் குணமாகிறார்கள். தலைவலி, அசதி வரலாம், அவ்வளவுதான். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் டெஸ்டும் மருந்தும் இலவசம்.

ஈரல் ரொம்பக் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் ரிபாவிரினையும் சேர்ப்பது உண்டு. அவர்களுக்குப் பழைய ரத்தக்குறைவுத் தொல்லை இன்றும் வரலாம். கணவனோ மனைவியோ, யார் ரிபாவிரின் சாப்பிட்டாலும் அப்போதும், பிறகு டாக்டர் சொல்லும் மாதங்கள் வரையும் கர்ப்பம் கூடாது.

மாத்திரைக்காரர்களும் சிலதை மறைக்கக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கு சோபோஸ்புவிர் ஆபத்தாக முடியலாம். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் ஒமிப்ரசோல், வெல்பட்டஸ்விர் உடம்பில் சேராமல் தடுக்கும். 'பி' கிருமியும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 'சி' போகும்போது அது தலைதூக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கடைசி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு ரத்த டெஸ்ட். அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணமானதாகக் கணக்கு.