போர் ஓய்ந்த காட்டில் சிங்கங்களைத் தேடி

மொசாம்பிக்கின் கோரொங்கோசா தேசியப் பூங்காவில் சிங்கங்களைக் கண்காணிக்கும் ஆய்வாளர்களோடு ஒரு நாள் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சில சிங்கங்களின் கழுத்தில் பட்டி பூட்டியிருக்கிறார்கள். அவை நிற்கும் இடத்தை அந்தப் பட்டி செய்மதி ஊடாக அறிவிக்கும். அந்தப் புள்ளிகளைப் பின்தொடர்ந்தே எங்கள் ஜீப் சென்றது. கண்டவற்றை எண்ணி, முகத்தைப் படமெடுத்தார்கள். மீசை மயிர் முளைக்கும் கரும்புள்ளிகள் சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும். அதை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

ஒரு புள்ளி நெடுநேரம் அசையாமல் நின்றால் ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். சிங்கம் இரையோடு படுத்திருக்கலாம். கம்பிச் சுருக்கில் சிக்கியும் இருக்கலாம்.

இந்தச் சுருக்குகளுக்குப் பின்னால் ஒரு போரின் கதை இருக்கிறது. 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இந்தக் காடு போர்க்களமானது. யானைகள் தந்தத்துக்காகவும், ஏனையவை படையினரின் உணவுக்காகவும் கொல்லப்பட்டன. சமாதான ஒப்பந்தத்தின் பின்னரும் வேட்டை ஓயவில்லை. பசியோடிருந்த மக்களுக்கு இறைச்சி உணவாகவும் வருமானமாகவும் இருந்தது. பெரிய விலங்குகளில் 90 வீதத்துக்கும் மேல் அழிந்தன. சிங்கங்களில் மிகச் சிலவே எஞ்சின.

2008இல் அரசாங்கமும் கார் அறக்கட்டளையும் செய்த உடன்படிக்கையோடு பூங்காவின் நீண்டகால மீள்கட்டுமானம் உறுதியானது. மான் இனங்கள் வேகமாகப் பெருகின. இரை நிறைந்திருந்தும் சிங்கங்கள் பெருகத் தாமதமானது. 2012இல் தொடங்கிய ஆய்வு அதற்கான காரணத்தைக் காட்டியது. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த சுருக்குகளிலும், பழைய வாகனங்களின் வில்தகட்டில் செய்த இரும்புப் பொறிகளிலும் சிங்கங்கள் சிக்கி, செத்தன அல்லது கால் இழந்தன.

எங்கள் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் மொசாம்பிக்கிலும் பணியாற்றியது. 2015இல் அந்நாடு கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. சுருக்குகளை அப்படி ஒரு தடவையில் அகற்றி முடிக்க இயலாது. இன்று எடுத்த இடத்தில் பசியுள்ளவர் நாளை இன்னொன்றைக் கட்டுவார்.

ஆகவே பூங்கா இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்கிறது. காவலர்கள் கம்பிகளைத் தேடி அகற்றுகிறார்கள்; சிக்கிய சிங்கங்களுக்கு மிருக வைத்தியர்கள் சிகிச்சையளிக்கிறார்கள். மறுபக்கம், சுற்றுக் கிராமத்தவர்களுக்குப் பூங்காவில் வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி, நடமாடும் மருத்துவ சேவை, கோரொங்கோசா மலையில் கோப்பிச் செய்கை. சிங்கங்களின் எண்ணிக்கை இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது.

இலங்கையிலும் சிறுத்தைகள் இதே கம்பிகளில்தான் சாகின்றன. கம்பி கட்டியவரைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், அவருடைய வீட்டில் உலை எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கோரொங்கோசாவில் அப்படிப் பார்த்ததன் பலனைத்தான் நான் கண்டேன்.