கொடிக்கம்பத்தின் அடியில் தேச ஒற்றுமை

தேச ஒற்றுமை என்றதும் எல்லைகளையும் மதக் கலவரங்களையுமே பேசுகிறோம். வேப்பம்பட்டு அடங்கிய நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அந்த ஒற்றுமையை உரசிப் பார்க்கலாம்.

2020 ஆகஸ்ட் 15. கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் ஊராட்சி மன்றத் தலைவர் அமிர்தம், தேசியக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். ஐந்து நாள் தாமதமாக அவருக்குச் சுதந்திர தினம் வந்தது.

சட்டம் சொல்வது என்ன? அரசமைப்பின் 243டி பிரிவு, ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு அளிக்கிறது. அப்படிப் பதவிக்கு வந்தவரைப் பணி செய்ய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. காவல் நிலையத்தில் "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றால், இதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

முகவுரை சகோதரத்துவத்தை விளக்கும்போது, தனிமனித கண்ணியத்தை முதலிலும் தேச ஒற்றுமையை அடுத்தும் வைக்கிறது. இந்த வரிசை தற்செயலானதல்ல என்றே நாம் வாசிக்கிறோம். சாதிகள் தேசத்திற்கு விரோதமானவை என்று 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். கண்ணியத்தை மறுத்துவிட்டு அமைதி காக்கச் சொல்வது, அடங்கிப் போகச் சொல்வதே.

அடுத்த குடியரசு தினத்தன்று நம் ஊர்க் கொடிக்கம்பங்களுக்குச் செல்வோம். கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். தடுத்தால் புகாரை எழுத்தில் கொடுப்போம்.