நெட் அடிக்கடி விட்டுப் போகிறதா? எங்கே அறுகிறது என்று முதலில் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று நம்மையே குழப்பிவிடும். "வை-ஃபை வேலை செய்கிறது, ஆனால் அவ்வப்போது விட்டுப் போகிறது" என்பார்கள். முழுவதுமாக நின்றுபோன இணைப்பைச் சரி செய்வது எளிது. வந்து வந்து போகும் இணைப்புதான் தொல்லை. மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் பழைய ஸ்கூட்டரைப் போல, நாம் போய்ப் பார்க்கும் நேரத்தில் அது நன்றாகவே இருக்கும்.

அரியலூரில் என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. மகள் பிளஸ் டூ முடித்ததும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஹாலில் டிவி அருகே ஃபைபர் இணைப்பின் ரூட்டர். உள் அறையில் கம்ப்யூட்டர். பொறியியல் கலந்தாய்வு முன்பெல்லாம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடக்கும். அரியலூரிலிருந்து ரயில் ஏறிப் போக வேண்டும். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தி, கொடுத்த நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். "மாமா, பாதி லிஸ்ட் போடும்போது நெட் போயிடுது. திரும்ப வருது, திரும்பப் போகுது. கடைசி நாள்ல இப்படி ஆச்சுன்னா?" என்று மருமகள் போனில் கேட்டபோது அழாத குறைதான். வீட்டில் வேறு இணைப்புக்கு மாறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இரண்டு துண்டுகளாக வருகிறது. கம்பெனியிலிருந்து உங்கள் வீட்டு ரூட்டர் வரை ஒரு துண்டு. ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை காற்றில் வருவது இன்னொரு துண்டு. வை-ஃபை என்பது இந்த இரண்டாவது துண்டு மட்டுமே. எது அறுந்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், பக்கம் திறக்காது. ஆனால் மருந்து வேறு. எது அறுகிறது என்று தெரியாமல் ரூட்டரை மாற்றுவதும் கம்பெனியை மாற்றுவதும் வீண் செலவு.

கண்டுபிடிக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கீபோர்டில் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். கிடைக்கும் சிறிய கட்டத்தில் சிஎம்டி என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் "டீஃபால்ட் கேட்வே" என்பதற்கு எதிரே உள்ள எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல இருக்கும்.

இப்போது அதே விண்டோவில் பிங் என டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும், மீண்டும் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி எழுத்தும் கொடுங்கள். கம்ப்யூட்டர் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை ரூட்டரைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துக் கொண்டே இருக்கும். இதைப் போல இரண்டாவது கறுப்பு விண்டோ ஒன்று திறந்து, ரூட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 கொடுங்கள். இது கூகுள் பொதுமக்களுக்காக நடத்தும் சர்வரின் முகவரி. இரண்டு விண்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்றால் கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தினால் போதும்.

நெட் போன உடனே இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்தால் ரூட்டர் வரைக்கே போக முடியவில்லை, கோளாறு வீட்டுக்குள். ரூட்டர் விண்டோவில் பதில் ஒழுங்காக வந்து, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் கோளாறு பெரும்பாலும் வெளியே. ஒன்றிரண்டு வரி எப்போதாவது தவறுவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். காற்று வழிப் பேச்சில் அது சகஜம். தொடர்ந்து பத்து இருபது வரி போனால்தான் கணக்கு.

அந்த நேரத்தில் மொபைலில் நெட் வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். நல்ல தடயம்தான். ஆனால் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். வை-ஃபை தடுமாறினால் சில போன்கள் நம்மிடம் சொல்லாமலே சிம் இணைப்புக்குத் தாவிவிடும்.

தங்கை வீட்டில் ஒரு மணி நேரம் இரண்டு விண்டோக்களும் அசையாமல் ஓடின. எனக்கே சங்கடமாகிவிட்டது. பிறகு மருமகள் மொபைலில் எடுத்த படங்களை வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி காப்பி செய்ய ஆரம்பித்தாள். இரண்டு விண்டோவிலும் பதில் நின்றது! காப்பி முடிந்ததும் திரும்ப வந்தது. டெஸ்க்டாப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பொத்தான் அளவு வை-ஃபை டாங்கிள் ஒரு யுஎஸ்பி போர்ட்டில். அதற்கு ஒட்டினாற்போல் நீல நிறப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்.

நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதில் டேட்டா வேகமாக ஓடும்போது போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி வரை பரவும். நம் வை-ஃபை பேசுவதும் அங்கேதான். சந்தையில் காதருகே ஒருவர் மேளம் அடிக்கும்போது தூரத்து ஆள் சொல்வது கேட்காதல்லவா, அதே கதை. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி விளக்க அறிக்கை வெளியிட்டது. கடைக்காரர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

வைத்தியம் சுலபம். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் முனையில் செருகி மேஜை மேல் கொண்டு வந்தோம். விலை நூறு சொச்சம். ஹார்ட் டிஸ்க்கை நீலம் அல்லாத யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினாலும் இரைச்சல் போய்விடும். காப்பி மெதுவாகும், அவ்வளவுதான்.

எக்ஸ்டென்ஷன் கேபிளால் இன்னொரு லாபமும் உண்டு. டெஸ்க்டாப் கேபினெட் என்பது இரும்புப் பெட்டி. அதன் பின்னால், சுவர் ஓரமாக, மேஜைக்கு அடியில் டாங்கிளைச் செருகினால் சிக்னல் எப்படி வரும்? மதர்போர்டிலேயே வை-ஃபை உள்ள கம்ப்யூட்டர் என்றால், பின்னால் திருகி மாட்ட வேண்டிய இரண்டு ஆன்டெனாக்கள் அட்டைப் பெட்டியிலேயே தூங்குகின்றனவா என்று தேடிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறைய வீடுகளில் அப்படித்தான்.

அடுத்தது மின்சார சிக்கனம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து "டிவைஸ் மேனேஜர்" திறந்திடுங்கள். "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" பிரிவில் உங்கள் வை-ஃபை அடாப்டரில் டபுள் கிளிக் செய்தால், "பவர் மேனேஜ்மென்ட்" என்ற டேப் கிடைக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை ஆஃப் செய்ய கம்ப்யூட்டரை அனுமதிக்கலாம் என்ற வரியில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். லேப்டாப்புக்குப் பேட்டரி கவலை. மின் இணைப்பிலேயே இருக்கும் டெஸ்க்டாப்புக்கு இந்தச் சிக்கனம் எதற்கு? சற்று நேரம் சும்மா விட்டுத் திரும்பி வந்தால் நெட் இல்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் வில்லன் ஸ்டீல் பீரோ. ஹாலுக்கும் அறைக்கும் இடையிலான சுவரை ஒட்டி, கண்ணாடி வைத்த பீரோ நின்றால் வை-ஃபைக்கு அது கதவடைப்பு. ரூட்டரை டிவியின் பின்னால் ஒளித்து வைக்காமல், உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள்.

இப்போது தெருவில் பல வீடுகளில் ரூட்டர் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் இருப்பவை 1, 6, 11 மட்டுமே. மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் தடுமாறினால் ரூட்டர் செட்டிங்கில் இந்த மூன்றில் வேறு ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். ரூட்டரும் அடாப்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் அறிந்தவை என்றால் அதற்குப் போவது இன்னும் நல்லது. யுஎஸ்பி இரைச்சலும் அங்கே தொல்லை தராது. சுவர் தாண்டினால் அது சீக்கிரம் பலவீனமாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சரி, சோதனையில் 8.8.8.8 மட்டும் நிற்கிறது என்றால்? ஃபைபர் பெட்டியில் "எல்ஓஎஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் கேபிளிலோ, வீட்டுக்குள் கூர்மையாக மடிந்த இடத்திலோ கோளாறு இருக்கும். ஃபைபரை மின்சார ஒயர் போல மடிக்கக் கூடாது. விளக்குகள் எல்லாமே ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தால் அடாப்டரையும் பிளக்கையும் சந்தேகியுங்கள். கரண்ட் கண் சிமிட்டினாலே ரூட்டர் புதிதாகத் தொடங்கும். நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. மற்றபடி கம்பெனிக்குப் போன் செய்யும்போது "அடிக்கடி போகுது" என்று மட்டும் சொல்லாமல், நின்ற நேரங்களைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். கறுப்பு விண்டோவை மொபைலில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்து. இடம் பெயராத டெஸ்க்டாப்புக்கு வை-ஃபையே தேவையில்லை. ரூட்டரின் பின்னால் காலியாக இருக்கும் லேன் போர்ட்டிலிருந்து கேட் 6 கேபிள் ஒன்று இழுத்துவிட்டால் காற்றுத் துண்டின் கதை முடிந்தது. 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். தங்கை வீட்டில் சுவரில் துளை போட மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை, புதிதாகப் பெயின்ட் அடித்த வீடாம். அதனால் எக்ஸ்டென்ஷன் கேபிளோடு விட்டோம். கலந்தாய்வு லிஸ்ட் போடுகிற நாட்களில் மட்டும் கதவு வழியாகத் தரையிலேயே லேன் கேபிளை நீட்டிக் கொண்டாள் மருமகள்.