90 முட்டைக்கு எத்தனை அட்டை?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குள் போயிருக்கிறீர்களா? முட்டை கூண்டிலிருந்து உருண்டு வந்து முன்னால் வரிசையாக நிற்கும். அதைப் பொறுக்கி அட்டையில் அடுக்குவார்கள். ஓர் அட்டையில் ஐந்துக்கு ஆறு, மொத்தம் 30 குழி. அட்டைமேல் அட்டை அடுக்கி லாரியில் ஏற்றினால் கேரளாவுக்கும் போகும், நம் பள்ளிச் சத்துணவுக்கும் வரும்.

அப்படி ஒரு பண்ணை வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதுகிறாள். முட்டை எண்ணிக்கையைக் கொடுத்தால் எத்தனை அட்டை தேவை என்று அது சொல்ல வேண்டும். 30-ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டாள். 60 கொடுத்தால் 2 என்றது. 90 கொடுத்தால் 3. சரிதான். 100 கொடுத்தாள், அதற்கும் 3! மீதி 10 முட்டையை மடியிலா கட்டிக்கொண்டு போவது?

இந்தப் பிழையைத் திருத்த ஓர் ஏஐ முகவரைக் கூப்பிடப் போகிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும் ஏஐ அல்ல இது. கோப்பைத் தானே திறந்து படிக்கும், மாற்றி எழுதும், ஓட்டியும் பார்க்கும். ஆனால் நிரல் இருக்கும் இடத்துக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டுமே!

நிரல் இருப்பது கிட்ஹப்பில். 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்ற கருவியை எழுதினார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும் கணக்குப்பிள்ளை அது. அந்தக் கணக்கை இணையத்தில் வைத்துப் பலரும் சேர்ந்து வேலை செய்ய 2008-இல் வந்தது கிட்ஹப். நம் மொழிக்காரர்களும் அங்கே உண்டு. ‘ஓபன்-தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ‘நாமக்கல்’ என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானைச் சும்மா கேட்டால் 8 என்று சொல்லும். துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும், பாவம். ஓபன்-தமிழைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் நா, ம, க், க, ல் என்று பிரித்து 5 என்று சொல்லும்.

முகவரை உள்ளே விடுவது எப்படி? நம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாமா? கூடாது. கொடுத்தாலும் செல்லாது. நிரலை ஏற்றி இறக்குவதற்குக் கடவுச்சொல்லை ஏற்பதை 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ‘டோக்கன்’ வாங்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான சரம் அது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெயர்பெற்றவை. முதலாளி வெறும் சேசிஸைக் கொண்டுவந்து விட்டு அதன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டு பீரோ சாவியையும் சேர்த்தா கொடுப்பார்? டோக்கனும் அந்தச் சேசிஸ் சாவி மாதிரிதான். எந்தக் களஞ்சியத்துக்கு (ஒரு நிரலின் கோப்புகள் இருக்கும் இடம்தான் களஞ்சியம்), படிக்க மட்டுமா எழுதவுமா, எத்தனை நாளைக்கு என்று மூன்றையும் நாமே குறித்துக் கொடுக்கலாம். நம் பெண் ‘முட்டை அட்டை’ களஞ்சியம் ஒன்றை மட்டும், ஏழு நாளுக்குக் கொடுத்தாள்.

டோக்கன் சரத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் பெரியவர்களிடமே உண்டு. ஊர் பார்க்கும் களஞ்சியத்தில் தன் டோக்கன் கிடப்பதைக் கண்டால் கிட்ஹப் தானே அதைச் செல்லாததாக்கிவிடும்.

இப்போது வேலையைப் பாருங்கள். அவள் ‘100 முட்டைக்குத் தவறான விடை வருகிறது’ என்று ஒரு புகார்ச் சீட்டு எழுதினாள். முகவர் அதைப் படித்தது. மூல நிரலில் கை வைக்கவில்லை; அதிலிருந்து ஒரு கிளை பிரித்துக்கொண்டு அங்கே திருத்தியது. (லாரியில் இது நடக்காது. ஒரு சேசிஸை நகலெடுத்து அதில் வெட்டி ஒட்டிப் பார்க்க முடிந்தால் பட்டறைக்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்!) திருத்தம் என்ன தெரியுமா? ஈவோடு எப்போதும் 1 கூட்டு. 100-க்கு 4. ஆகா!

அவசரப்படாதீர்கள். பாடி கட்டிய லாரியை ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி. காட்டுவதுபோல, கிளையில் புதிதாக எது வந்தாலும் கிட்ஹப்பில் சோதனை ஓடும்படி அவள் முன்பே ஏற்பாடு செய்திருந்தாள். 60-க்கு 2, 90-க்கு 3 வர வேண்டும் என்பது சோதனை. 90-க்கு 4 என்று வந்தது. சிவப்புக் குறி விழுந்தது. முகவர் அந்தப் பதிவைப் படித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. இந்தமுறை முட்டையோடு 29 கூட்டி, பிறகு 30-ஆல் வகுத்து ஈவை எடுத்தது. 100-க்கு 129, ஈவு 4. 90-க்கு 119, ஈவு 3. பச்சைக் குறி. ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ என்று ஒரு கோரிக்கை அனுப்பிவிட்டு நின்றது. சேர்க்கும் பொத்தான் அவள் கையில். 2025 மே மாதம் கிட்ஹப் வெளியிட்ட கோபைலட் முகவருக்கும் இதே ஏற்பாடுதான். தன் வேலைக்குத் தானே ஒப்புதல் போட அதற்கு வழியில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? எந்த டிராக்டரிலும் எந்த டிரெய்லரையும் மாட்டுகிற கொக்கிபோல, ஏஐ-யையும் கருவிகளையும் இணைக்க எம்.சி.பி. என்ற பொது முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் வழியாகக் கிட்ஹப்பில் மாட்டிய முகவரை ஏமாற்ற முடியும் என்று 2025-இல் ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். யாரும் எழுதக்கூடிய புகார்ச் சீட்டில், உரிமையாளரின் மற்ற களஞ்சியங்களைப் பற்றியும் எழுதிப் போடச் சொல்லி ஒரு கட்டளையை நுழைத்தார்கள். முகவருக்கு வேண்டுகோள் எது, வில்லங்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பூட்டிவைத்த களஞ்சியத்தில் இருந்ததை ஊர் பார்க்கும் இடத்தில் கொண்டுவந்து கொட்டியது. அதன் கையில் இருந்தது எல்லாக் கதவுக்குமான சாவி. ஒரே களஞ்சியத்துக்கான சாவியாக இருந்திருந்தால் கொட்ட ஒன்றும் இருந்திருக்காது.

நம் பெண் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒன்று செய்தாள். பண்ணையில் ஒருநாள் முட்டையே எடுக்கவில்லை என்றால்? 0 கொடுத்துப் பார்த்தாள். முகவரின் முதல் திருத்தம் அதற்கு எத்தனை அட்டை கேட்டிருக்கும், இரண்டாவது எத்தனை கேட்கும்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.