கேரவன் சுவரில் கறுப்புக் கோடுகள் ஏன்?

அமெரிக்காவில் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் ட்ரெய்லர்களின் வெள்ளைச் சுவரில், சன்னல் மூலைகளுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். குற்றவாளி பெரும்பாலும் கூரைதான். பல வண்டிகளில் அது ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அதன் மேற்பரப்பு சுண்ணாம்புப் பொடிபோல உதிரும். அதோடு சாலைப் புழுதி, புகைக்கரி, மரப்பிசின் எல்லாம் சேரும். பெருமழை கொஞ்சமாவது அடித்துச் செல்லும். பனித்துளியும் தூறலும்தான் வம்பு. கொஞ்ச நீர், நிறைய அழுக்கு. ஒரே தடத்தில் மெல்ல வழிந்து, நீர் காய்ந்துபோக, கரி மட்டும் தங்கிவிடுகிறது.

புதுச் சுவரில் இது எளிதில் ஒட்டாது. கண்ணாடியிழைச் சுவரின் ஜெல்கோட் பூச்சு மங்கும்போது நுண்துளைகள் தோன்றும். கரி உள்ளே குடியேறும்.

எண்ணெய்ப் பசையைப் பிரிக்கும் சோப்புநீரைத் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, காயுமுன் மென்துணியால் துடைத்துக் கழுவலாம். உரசும் பவுடர் வேண்டாம். பளபளப்பும் போய், அடுத்த கோடு இன்னும் ஆழமாகப் பிடிக்கும். பிறகு மெழுகு பூச வேண்டும். கூரையை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் தேய்ப்பது வீண்வேலை. ஆனால் அந்த ரப்பருக்குப் பெட்ரோலியக் கரைப்பான் ஆகாது, உப்பிவிடும்.