ஆறாத புண்ணுக்கு உயிருள்ள தோல்

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலி நான். "வலியே இல்லை சிஸ்டர், அதான் வரலை" என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். உணர்ச்சி மரத்த காலில் புண் வலிக்காது.

மாதக்கணக்கில் ஆறாத புண்ணில் ரத்த ஓட்டம் குறைந்து, அழற்சி அடங்காமல், அங்குள்ள செல்கள் செயலிழந்து கிடக்கும். அந்த இடத்தில் உயிருள்ள செல்களைக் கொண்டுவந்து வைப்பதே செல் சிகிச்சை. அமெரிக்காவில் 2000-ல் சர்க்கரைக் கால் புண்ணுக்கு அனுமதி பெற்ற ‘ஆப்லிகிராஃப்’ ஓர் உதாரணம். பிறந்த குழந்தைகளின் அகற்றப்பட்ட முன்தோலிலிருந்து செல்களை எடுத்து, மாட்டுக் கொலாஜனோடு சேர்த்து ஈரடுக்குத் தோலாக வளர்க்கிறார்கள். இது நிரந்தரமாகத் தங்குவதில்லை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, நோயாளியின் சொந்தச் செல்களைத் தூண்டிவிட்டு மறைந்துவிடும். 208 பேரிடம் நடந்த ஆய்வில், இந்தத் தோல் வைக்கப்பட்டவர்களில் 12 வாரத்துக்குள் முழுதாக ஆறியவர்கள் 56 சதவீதம். வழக்கமான கட்டு போட்டவர்களில் 38 சதவீதம்.

ஆனால் அழுகிய சதையை அகற்றாமல், கிருமித்தொற்றை அடக்காமல், புண்மேல் உடல்பாரம் விழுவதைத் தடுக்காமல் எந்தச் செல்லும் பலன் தராது. தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சிறு கீறல் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.